குதிரைக் கொம்பும் கடைவாய்ப் பல்லும்

கிடைக்கவே கிடைக்காத பொருளை நம் ஊரில் குதிரைக் கொம்பு என்பார்கள். ராசிபுரம் பக்கத்தில் ஒரு குதிரைக்காரர் ஒரு புரட்டாசி மாதம் முழுக்கத் தேடியது கொம்பை விட அரிதான ஒரு சரக்கு. நம்பகமான ஒரு 'அனிமல் கம்யூனிகேட்டர்'! அதாவது குதிரை மனசில் என்ன நினைக்கிறது என்று கேட்டு நமக்குச் சொல்கிற ஆள். சிரிக்காதீர்கள் மக்களே. ஒரு குதிரையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தக் குதிரை திடீரென்று கடிவாளத்தைக் கண்டாலே இரண்டு காலில் எழுந்து நின்றால், அவர் யாரிடம் வேண்டுமானாலும் போவார்.

அவருடைய தாத்தா சேலத்தில் ஜட்கா ஓட்டியவர். ஜட்கா போய் ஆட்டோ வந்ததும் அப்பா லாரிப் பட்டறைக்குப் போய்விட்டார். நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுகிற தொழில்தான் எல்லோருக்கும் சோறு போடுமே. பேரனுக்கு மட்டும் தாத்தாவின் கிறுக்கு விடவில்லை. குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவில் ஒரு சாளை, அதை ஒட்டி ஒரு கொட்டகை, அதில் எப்போதும் ஒரு குதிரை. கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு, கோவில் திருவிழா, எப்போதாவது ஒரு அரசியல் ஊர்வலம். இதுதான் வரும்படி. ஆடியில் கல்யாணம் கிடையாது, புரட்டாசியில் பெரும்பாலும் கிடையாது, மார்கழியில் கிடையாது. மீதி மாதங்களில் சம்பாதித்துத்தான் இந்த மாதங்களில் கொள்ளு வாங்க வேண்டும்.

பழைய குதிரை கிழடாகிவிட்டதால் ஆடித் திருவிழாவுக்கு அந்தியூர் போனார். சங்ககிரி, பவானி தாண்டினால் அந்தியூர். அங்கே புதுப்பாளையம் குருநாதசாமி கோவில் திருவிழாவை ஒட்டி நடக்கிற குதிரைச் சந்தையைத் தெரியாதவர்கள் ஒரு முறை போய்ப் பார்க்கலாம். மார்வாரி, கத்தியவார், நாட்டு மட்டக்குதிரை, தவிலுக்கு ஆடுகிற நாட்டியக் குதிரை என்று சகலமும் நிற்கும். திப்பு சுல்தான் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்களை இன்னமும் பார்க்கலாம். நம்மவர் ஒரு செவலைப் பெட்டையைப் பிடித்தார். வாயைத் திறந்து முன்பல்லைப் பார்த்தார். ஆறு வயசு, சொன்னது சரிதான். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்த குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் பார்த்தது முன்பல்லை மட்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பொன்னி என்று பேர் வைத்தார்கள். ஆவணியில் நான்கு கல்யாணம் அருமையாக நடந்தது. ஐந்தாவதில், மண்டபத்து வாசலில் தலையை ஒரே உதறு. மேலே இருந்த மாப்பிள்ளை தலைப்பாகை ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று சரிந்து மச்சான்மார் தோளில் விழுந்தார். அடி இல்லை. ஆனால் பத்து செல்போன் வீடியோ எடுத்திருந்தது. அடுத்த வாரம் கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே பொன்னி பின்வாங்க ஆரம்பித்தது. அப்புறம் தீனியிலும் குறை. எலும்பு தெரியத் தொடங்கியது. ஐப்பசியில் நான்கு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிச் செலவும் பண்ணியாகிவிட்டது. ஆக, கையில் இருந்தது ஒரே மாதம்.

முதலில் வந்தவர் ஒரு தரகர். கழுத்து, நெற்றி, வயிறு என்று தடவிச் சுழி பார்த்தார். கழுத்தில் தேவமணி இருந்தால் ராசி, கண்ணுக்குக் கீழே இருந்தால் ஆகாது என்று குதிரைக்காரர்களிடம் ஒரு பெரிய சாஸ்திரமே இருக்கிறது. மாட்டுக்கு இதைவிடப் பெரிய பட்டியல் உண்டு. பாடைச் சுழி, விலங்குச் சுழி என்று பேரைக் கேட்டாலே மாட்டை விற்றுவிடத் தோன்றும். இதை முழு மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. 1995-இல் அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் குழுவினர் மாடுகளின் நெற்றிச் சுழியை ஆராய்ந்தார்கள். கண்ணுக்கு மேலே சுழி உள்ளவை, அடைப்பில் நிறுத்தும்போது மற்றவற்றை விட அதிகமாக மிரண்டன என்று எழுதினார்கள். மாட்டின் சுபாவத்துக்கும் சுழிக்கும் ஏதோ ஒட்டு இருக்கலாம். ஆனால் ஆவணி மூன்றாம் வாரம் வரை நல்லபடியாக இருந்த குதிரை நான்காம் வாரம் ஏன் மாறியது என்பதற்குச் சுழி பதில் சொல்லாது. சுழி அப்படியேதானே இருந்தது! தரகர் சொன்ன பதில் என்னவோ தெளிவாக இருந்தது. "ஆகாத சுழிங்க. வந்த வெலைக்குத் தள்ளி உட்டுருங்க. பாதி வெலைக்கு நானே எடுத்துக்கறனுங்க." குதிரையின் குறையைச் சொல்கிறவரே அதை வாங்கிக்கொள்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து குறி சொல்பவர். முனியப்பனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி என்றார். பாக்கி இருந்தது உண்மைதான், பொங்கல் வைத்தார்கள். பொன்னி வெண்பொங்கலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மூன்றாவதாகத்தான் கம்யூனிகேட்டர் வந்தார். வந்தார் என்றால் நேரில் இல்லை, போனில். நாய், பூனை வளர்க்கிறவர்கள் மத்தியில் பெரு நகரங்களில் இது இப்போது ஒரு தொழில். படத்தை அனுப்பினால் போதும், மனசால் தொடர்பு கொண்டு விலங்கு சொல்வதைச் சொல்வார்கள். கல்யாண மண்டப மேனேஜர் ஒருவர் நம்பர் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரம் ரூபாய். குதிரைக்காரர் கொட்டகையில் நின்றபடி வீடியோ எடுத்து அனுப்பினார், மறுநாள் பேசினார். பொன்னிக்கு ஒரு குட்டி இருந்ததாம், அதைப் பிரித்துவிட்டார்களாம், அந்தத் துக்கத்தில்தான் சாப்பிடவில்லையாம். அதோடு இன்னொன்று. "இடது பக்கம் யாரோ அடித்திருக்கிறார்கள், இடது பக்கம் கனமாக இருக்கிறது என்கிறாள்."

குதிரைக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் பொன்னி தலையை உதறுவது இடது பக்கம் தொட்டால்தான். இதை அந்த ஆளுக்கு யார் சொன்னது? கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போய்ப் பொன்னியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாராம், அதைப் பிடித்து வந்தவர் தான்தான் என்று.

சேலத்தில் காலேஜ் படிக்கிற அக்கா மகள் அந்த வார விடுமுறைக்கு வந்தாள். மனோதத்துவப் பாடம் எடுத்துப் படிக்கிறவள். மாமா சொன்னதை முழுக்கக் கேட்டாள். சிரிக்கவில்லை. "அந்த வீடியோவ ஒருக்கா காட்டுங்க மாமா" என்றாள். இரண்டு நிமிட வீடியோ. குதிரை ஓரமாக நிற்கிறது. பின்னால் மாமாவின் குரல்: "சாமி, பாருங்க, இந்தப் பக்கம்... இடப்பக்கம் கைய வெச்சாத்தான் இப்படிப் பண்ணுது. தீனியும் எடுக்கறதில்ல. சந்தையில வாங்கும்போது மடி கொஞ்சம் தொங்கலா இருந்துச்சு, குட்டி போட்டிருக்குமாட்ட இருக்குது..."

அவ்வளவும் அவர் சொன்னதுதான். சொன்னது அவருக்கே ஞாபகம் இல்லை.

இங்கே கொஞ்சம் பெர்லினுக்குப் போய் வர வேண்டும். அக்கா மகள் மாமாவுக்குக் கட்டிலில் உட்கார்ந்து சொன்ன கதைதான் இது. வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்கிற ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார் ஹான்ஸ் என்ற குதிரைக்குப் பாடம் நடத்தினார். கூட்டல், கழித்தல், பின்னம், காலண்டர் தேதி, எதைக் கேட்டாலும் ஹான்ஸ் குளம்பால் தட்டிப் பதில் சொல்லும். காசு வாங்கிக் காட்டவில்லை, மனுஷன் உண்மையிலேயே நம்பினார். 1904 செப்டம்பரில் கார்ல் ஸ்டும்ப் என்ற பேராசிரியர் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. ஏமாற்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்கிற ஆய்வாளர் விடாமல் சோதித்தார். கேட்கிற ஆளுக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்க வைத்தார். ஹான்ஸ் தோற்றது. கேட்கிறவர் முகம் தெரியாதபடி கண்ணுக்கு மறைப்புப் போட்டார். அப்போதும் தோற்றது. விஷயம் இதுதான்: சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்கிறவர் தலை தன்னையறியாமல் ஒரு நூலளவு நிமிரும். உடம்பில் ஒரு இறுக்கம் தளரும். ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தும். 1907-இல் ஃபங்ஸ்ட் இதைப் புத்தகமாகப் போட்டார். இதில் அசத்தலான சங்கதி, எல்லாம் தெரிந்த பிறகும் ஃபங்ஸ்டால் தன் தலை அசைவை அடக்க முடியவில்லை என்பது.

"அப்ப குதிரைக்குக் கணக்குத் தெரியாதா?" என்றார் மாமா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"கணக்குத் தெரியாது மாமா. மனுசனைத் தெரியும்."

அது உண்மை. பெர்லின் கதையில் மனசைப் படித்தது குதிரைதான், சுற்றி நின்ற புரொபசர்கள் இல்லை. 2016-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 28 குதிரைகளுக்கு மனிதர்களின் கோப முகத்தையும் சிரித்த முகத்தையும் போட்டோவில் காட்டினார்கள். கோப முகத்தைப் பார்த்தபோது இதயத் துடிப்பு வேகமாக ஏறியது. அதற்கு முன்பே, 2009-இல் சுவீடனில் இதைவிட நுட்பமான ஒரு சோதனை. ஆட்கள் குதிரையோடு ஒரே பாதையில் நான்கு முறை போக வேண்டும். நான்காவது முறை, 'இப்போது குடை விரியும்' என்று ஆளிடம் மட்டும் சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆளுக்கும் துடிப்பு ஏறியது, குதிரைக்கும் ஏறியது. மண்டப வாசலில் மாப்பிள்ளை விழுந்த பிறகு, கடிவாளத்தை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் மாமாவின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும், அது பொன்னிக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாமா சுலபத்தில் விடவில்லை. "ஒருத்தர் தப்புன்னா எல்லாருமா தப்பு?" நியாயமான கேள்விதான். எனவே இரண்டு காரியம் நடந்தது.

முதலாவது கொஞ்சம் குறும்பு. அதே கம்யூனிகேட்டருக்கு அக்கா மகள் தன் போனிலிருந்து வேறு ஆள் மாதிரிப் பேசினாள். முதல் பத்து நிமிடம் இலவசம் என்று போட்டிருந்தார். பொன்னியை வேறு பக்கத்திலிருந்து எடுத்த படத்தை அனுப்பி, மைசூரில் வாங்கியது என்று ஒரு பொய்யைச் சொன்னாள். பொன்னிக்கு உடனே பெரிய தூண்கள், வளைவு வாசல், குளிர்ந்த காற்று எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இந்த யோசனையும் அவளுடைய சொந்தச் சரக்கில்லை. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் லேடி வொண்டர் என்று ஒரு பெட்டைக் குதிரை இருந்தது, எழுத்துக் கட்டைகளை மூக்கால் தள்ளிக் குறி சொல்லும். 1920-களில் ஜே.பி. ரைன் என்கிற ஆய்வாளர் அதற்கு மனசைப் படிக்கும் சக்தி இருப்பதாகவே எழுதினார். 1956-இல் மில்போர்ன் கிறிஸ்டோபர் என்ற மேஜிக்காரர் போய், தன் பேர் ஜான் பேங்க்ஸ் என்று பொய் சொன்னார். பிறகு என் பேர் என்ன என்று குதிரையிடம் கேட்டார். குதிரை பி, ஏ, என், கே, எஸ் என்று எடுத்துக் கொடுத்தது!

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொய் சொல்லிச் சோதிக்கறது நல்லால்ல கண்ணு" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காசு போனதை விட, ராத்திரியில் குதிரையிடம் அழுதது வீணாகிவிட்டதே என்பதுதான் அவருக்கு வருத்தம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது காரியத்தில் பொய் கிடையாது. கோவைப் பக்கம் இதே வேலை செய்கிற ஒரு அம்மாவின் நம்பர் கிடைத்தது. இந்த முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மூன்று கேள்வி கேட்போம், விடை எங்களுக்கும் தெரியாது, சம்மதமா? அந்த அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சம்மதம் என்றார். (முதல் ஆளிடமும் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். சந்தேகத்தோடு வந்தால் குதிரை பேசாது என்று வைத்துவிட்டார்.)

ஏற்பாடு எல்லாம் அம்மாயி கையில். ராத்திரி பொன்னிக்குக் கேரட், வெல்லம், வாழைப்பழம் மூன்றில் ஒன்று கொடுக்க வேண்டும். கொட்டகையில் சிவப்பு, பச்சை, மஞ்சள் துணியில் ஒன்றைக் கட்டிவிட்டு விடிவதற்குள் அவிழ்த்துவிட வேண்டும். பக்கத்தில் ஆட்டைக் கட்டலாம், கன்றுக்குட்டியைக் கட்டலாம், எதையும் கட்டாமலும் விடலாம். செய்ததைச் சீட்டில் எழுதி அரிசிச் சம்படத்தில் போட வேண்டும். போனில் பேசப்போகிற மாமாவும் அக்கா மகளும் அன்று ராத்திரி கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. எழுபது தாண்டின அம்மாயி இதைக் கல்யாண வேலை மாதிரி ரகசியமாகச் செய்து முடித்தார். சீட்டு எழுதத் தெரியாததால் படம் போட்டுவைத்தார். ஃபங்ஸ்ட் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்த அம்மா போனில் ரொம்ப நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார். வாழைப்பழம், பச்சை, கன்றுக்குட்டி. சம்படத்தைத் திறந்தார்கள். வெல்லம், பச்சை, ஆடு. மூன்றுக்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு யார் சொன்னாலும் சராசரியாக மூன்றில் ஒன்று சரியாக வரும். மூன்றும் பொருந்த வேண்டும் என்றால் குருட்டாம்போக்கில் 27-இல் ஒரு வாய்ப்பு. ஒரே தடவை செய்த சோதனையை வைத்துப் பெரிதாக எதையும் சொல்ல முடியாது, சரி. ஆனால் இதில் சக்தி எதுவும் தெரியவில்லை என்பதும் சரி.

மாமா எதிர்பார்த்தது அந்த அம்மா சமாளிப்பார் என்று. அவர், "இரண்டு தப்பு. எழுதிக்கறேன்" என்றார். ஒரு நோட்டு வைத்திருக்கிறாராம், சரியையும் தப்பையும் எழுத. பிறகு கேட்டார். "குதிரை தின்னும்போது நீங்க பக்கத்துல நின்னு பார்த்திருக்கீங்களா? வாயிலிருந்து ஏதாவது கீழே விழுதா?"

மாமா யோசித்தார். விழுகிறது. மென்று பாதியில் துப்பின மாதிரி புல் உருண்டை. தினமும் கொட்டகையைக் கூட்டும்போது தள்ளுகிறார். துக்கத்தில் துப்புகிறது என்று நினைத்திருந்தார்.

"அப்ப நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க. நோயைப் பத்தி நான் பேசறதில்லை. டாக்டரைக் கூட்டிட்டு வந்து வாயைப் பார்க்கச் சொல்லுங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க, காசெல்லாம் வேண்டாம்."

இந்தத் தொழிலுக்கு அமெரிக்காவில் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் பெனிலோப் ஸ்மித். அவர் 1990-இல் தன் சக தொழிலாளிகளுக்காக ஒரு நெறிமுறை எழுதினார். நோய்க்குப் பேர் வைப்பதும் வைத்தியம் பார்ப்பதும் நம் வேலை இல்லை, உடம்புக் கோளாறு என்றால் கால்நடை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அதில் ஒன்று. மனசால் பேசுவதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இந்த ஒன்றை வைத்து ஆளை எடை போடலாம். நம் நாட்டில் மருத்துவரென்றால் 1984-ஆம் வருஷத்துக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு வேண்டும், தவறு செய்தால் கேட்க ஒரு இடம் இருக்கிறது. கம்யூனிகேட்டருக்கு அப்படிப் பதிவேடு எதுவும் இல்லை. அந்த நோட்டு ஒன்றுதான் அவருடைய பதிவேடு.

டாக்டரைத் தேடுவது சிரமமாக இல்லை. நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்களில் தடுக்கி விழுந்தால் ஒரு வெட்னரி டாக்டர் மேல்தான் விழ வேண்டும். கோழிக்கும் மாட்டுக்கும் பழகினவர்கள் அதிகம், குதிரைக்குப் பழகினவர்கள் கம்மி, ஆனாலும் ஒருவர் வந்தார். வந்ததும் அவர் வாயைத் திறக்கவில்லை, குதிரையின் வாயையும் திறக்கவில்லை. கால் மணி நேரம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். காது விறைப்பாகப் பின்பக்கம் மடங்கி இருக்கிறதா, கண் பாதி சுருங்கி இருக்கிறதா, கண்ணுக்கு மேலே இறுக்கமா, தாடைச் சதை கெட்டித்து இருக்கிறதா, உதடும் மோவாயும் இழுத்துப் பிடித்திருக்கிறதா, மூக்குத் துவாரம் விறைத்திருக்கிறதா. 2014-இல் மிலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்த ஆறையும் மார்க் போட்டு, குதிரையின் வலியை முகத்திலிருந்து கணக்கிட ஒரு அளவுகோலே கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சுழியம், ஒன்று, இரண்டு. அதற்குப் போன் வேண்டாம், மனோசக்தி வேண்டாம், பொறுமை வேண்டும். குதிரை வேட்டையாடப்படுகிற ஜாதி. வலியைக் கூப்பாடு போட்டுக் காட்டினால் காட்டில் முதலில் மாட்டுவது அதுதான். அதனால் முகத்தில் மட்டும் கொஞ்சமாகக் காட்டும்.

பிறகு வாய்திறப்பானை மாட்டி டார்ச் அடித்தார். முன்பல் எல்லாம் ஜோர். முன்பல்லுக்குப் பிறகு ஒரு வெற்றிடம் வரும், கடிவாள இரும்பு உட்காருகிற இடம். அதையும் தாண்டி உள்ளே, கைவிரல் எட்டாத ஆழத்தில்தான் கடைவாய்ப் பற்கள் வரிசையாக நிற்கும், பக்கத்துக்கு ஆறு. குதிரைப் பல் நம் பல் மாதிரி ஒருமுறை முளைத்து நின்றுவிடுவதில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைத்து அரைத்துத் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையை விட அகலம், அதனால் மேல்பல்லின் வெளி ஓரம் தேயாமல் கத்தி மாதிரிக் கூராகிவிடும். பொன்னிக்கு இடது கன்னத்தின் உள்ளே அந்தக் கூர் கிழித்து, கால் ரூபாய் அளவுக்குப் புண். வெளியே சரியாக அதே இடத்தில் கடிவாளத்து வார் அழுத்துகிறது. இழுத்துக் கட்டினால் கன்னத்தைக் கத்தி மேல் வைத்து அழுத்தின மாதிரி.

"எத்தன நாளாச்சுங்க?" என்றார் டாக்டர்.

மாமா பதில் சொல்லவில்லை. ஐந்து கல்யாணத்தை எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

மயக்கத்துக்கு ஒரு ஊசி போட்டு, நீளக் கைப்பிடி அரத்தால் ராவினார். முக்கால் மணி நேரம். சத்தம் லாரிப் பட்டறை மாதிரியே இருந்ததாம். இரண்டு வாரத்துக்குக் கடிவாளம் கூடாது, ஊறவைத்த தவிடும் குழைய வேகவைத்த கொள்ளும் கொடுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாயைத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புரட்டாசிக் கடைசியில் உடம்பு தேறியது. கடிவாளத்தை எடுத்ததும் பின்வாங்குவது மட்டும் உடனே போகவில்லை. வலி போன பிறகும் பயம் கொஞ்ச நாள் இருக்கும் இல்லையா. ஐப்பசி முதல் கல்யாணத்துக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்காகக் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. இரண்டாவதுக்குப் பொன்னி போனது, அக்கா மகள் கூடவே நடந்தாள், மாப்பிள்ளை விழவில்லை.

நார்வேயில் ஒரு ஆராய்ச்சி பற்றியும் அவள் மாமாவிடம் சொல்லியிருந்தாள். 2016-இல் வெளியானது. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைக் குறிகளைப் பழக்கினார்கள். போர்வை போடு, போர்வையை எடு, இப்படியே இருக்கட்டும். இரண்டு வாரத்தில் எல்லாக் குதிரையும் கற்றுக்கொண்டது. மழையும் குளிருமாக இருந்த நாளில் போர்வை கேட்டன, நல்ல வெயில் நாளில் எடுக்கச் சொன்னன. மாமா ஒரு அட்டையை வெட்டிக் கறுப்பு மையில் கடிவாளப் படம் ஒன்று வரைந்து கொட்டகையில் மாட்டிவைத்தார். பொன்னி இரண்டு நாளில் அதைத் தின்றுவிட்டது.

கோவை அம்மாவுக்குப் போன் போட்டு டாக்டர் சொன்னதைச் சொன்னார்கள். எந்தப் பக்கத்துப் பல் என்று கேட்டு எழுதிக்கொண்டார். காசு வாங்கவில்லை. மாமா ஐந்து கிலோ ஜவ்வரிசி பார்சல் அனுப்பினார். சேலத்துக்காரர்கள் வேறு என்ன அனுப்புவார்கள்!

மார்கழியில் பொன்னி மறுபடி ஒருநாள் தீனியைத் துப்பியது. மாமா ஒரு வீடியோ எடுத்து முதலில் டாக்டருக்கும், பிறகு அக்கா மகளுக்கும் அனுப்பினார். ஹாஸ்டலில் அவள் சவுண்டை ஏற்றி வைத்துப் பார்த்தாள். மூன்று நிமிடம். மாமாவின் குரல் எங்கேயும் இல்லை. குதிரை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது, நடுவில் ஒருமுறை அம்மாயி "யாரு, போனா?" என்று கேட்டதும், மாமா "உஸ்ஸ்" என்றதும்.